துப்பத் தெரியாத நோயாளிகள்

காசநோய் கண்ட பெரியவர் ஒருவர் மருத்துவமனைக்குச் செல்கிறார். அவரிடம் ஒரு சிறு டப்பாவைக் கொடுத்து, நன்றாக இருமிச் சளியைத் துப்பித் தரச் சொல்கிறார்கள். அந்தச் சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், சிவந்த குச்சிகளைப் போலக் காசக் கிருமிகள் தென்படும். நோய் இன்னதென்று முடிவாகிவிடும்.

இப்போது இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதற்குத் துப்பத் தெரியாது. இருமலோடு மேலே வரும் சளியை அது விழுங்கிவிடுகிறது. எப்படியோ சளியை எடுத்தாலும் அதில் கிருமிகள் மிகக் குறைவு. நுண்ணோக்கியில் கிருமி கண்ணில் பட வேண்டுமானால், ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். பெரியவர்களின் நுரையீரலில் காசம் குழிகளை உண்டாக்குகிறது. அக்குழிகளில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகிச் சளியோடு வெளியேறுகின்றன. சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் அப்படிக் குழி விழுவதில்லை. நோய் நுரையீரலின் ஒரு மூலையிலும் அதையடுத்த நெறிகளிலும் மறைந்து கிடக்கிறது.

ஆகவே குழந்தையின் காசத்தைக் கண்டறியும் வரலாறு, கிருமியை நேரில் காண முடியாதபோது அதன் சுவடுகளைத் தேடிப் போன வரலாறாகும். தோலில், எக்ஸ் கதிர்ப் படத்தில், இரைப்பையில், குடும்பத்தில், கடைசியாக மலத்தில் என்று அந்தத் தேடல் இரண்டரை நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

காலம் கடந்த பின் தெரிந்த நோய்

1768ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. அதை எழுதிய ராபர்ட் விட் என்ற மருத்துவர் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். மூளையில் நீர் சேர்ந்து இறந்த குழந்தைகளைப் பற்றியது அந்நூல். குழந்தை முதலில் சோர்ந்து இளைக்கிறது. இலேசான காய்ச்சல் விடாமல் அடிக்கிறது. வாந்தி, தலைவலி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம் ஆகியவை தொடர்கின்றன. அப்போது நாடி வேகமாக ஓடுகிறது. பிறகு நாடி தளர்கிறது, குழந்தை மயக்கத்தில் ஆழ்கிறது, கண் மாறுகண்ணாகிறது. இறுதியில் நாடி மீண்டும் விரைந்து, வலிப்புக் கண்டு உயிர் பிரிகிறது. நாடியின் போக்கை வைத்தே நோயை மூன்று கட்டங்களாக அவர் பிரித்துக் காட்டினார்.

அவர் விவரித்தது காசக் கிருமியால் வரும் மூளை உறை அழற்சி என்று இன்று நமக்குத் தெரிகிறது. நோயின் அடையாளங்கள் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த பின் ஒரு குழந்தையைக்கூடத் தம்மால் பிழைக்க வைக்க முடிந்ததில்லை என்று விட் ஒளிவுமறைவின்றி எழுதினார். நோய் தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொள்ளும்போது காலம் கடந்துவிடுகிறது. அதற்கு முன்பே அதை அறிவது எப்படி? அடுத்து வந்த அனைவரும் விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

தோல் சொன்ன சாட்சி

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் காக் காசக் கிருமியைக் கண்டுபிடித்த செய்தியை அறிவித்தார். 1890இல் அவர் வேறொன்றையும் அறிவித்தார். கிருமியை வளர்த்து, அந்த வளர்ப்பிலிருந்து எடுத்த சாறு காசத்தைக் குணப்படுத்தும் என்றார். டியூபர்குலின் என்று பெயர் பெற்ற அந்தச் சாறு யாரையும் குணப்படுத்தவில்லை. பலருக்குக் கேடே விளைவித்தது. ஆனால் காசக் கிருமி புகுந்த உடல் அந்தச் சாற்றுக்குக் காட்டிய கடும் எதிர்விளைவு, கூர்ந்து நோக்கிய சிலரின் மனத்தில் தங்கிவிட்டது.

அவர்களுள் ஒருவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே. இன்று எல்லோர் வாயிலும் புழங்கும் 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் ஆக்கியவர் இவரே. ஒரு முறை அம்மை குத்திக்கொண்டவருக்கு மறுமுறை குத்தினால் கொப்புளம் விரைவில் எழுவதை அவர் கவனித்திருந்தார். உடல் முன்பு சந்தித்த பொருளை நினைவில் வைத்துக்கொண்டு, மறுமுறை வேறுவிதமாக எதிர்கொள்கிறது என்று அவர் உணர்ந்தார். அப்படியானால் காசக் கிருமியைச் சந்தித்த குழந்தையின் தோலும் டியூபர்குலினை 'அடையாளம்' கண்டுகொள்ளும் அல்லவா?

1907இல் அவர் தம் சோதனையை வெளியிட்டார். முன்கையில் இரண்டு இடங்களில் டியூபர்குலின் துளிகளை வைத்து, சிறு கருவியால் தோலை இலேசாகக் கீறினார். இடையில் ஓர் இடத்தில் மருந்தில்லாமல் வெறுமனே கீறினார். ஓரிரு நாள்களில் மருந்து வைத்த இடங்கள் மட்டும் சிவந்து தடித்தால், அந்த உடலுக்குள் காசக் கிருமி முன்பே புகுந்துவிட்டது என்று பொருள். அடுத்த ஆண்டே பிரெஞ்சு மருத்துவர் சார்ல் மாந்து, அளந்த மருந்தைத் தோலுக்குள்ளேயே ஊசியால் ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். நம் மருத்துவமனைகளில் 'மாண்டு டெஸ்ட்' என்று சொல்வது இதைத்தான். இரண்டு அல்லது மூன்று நாள் கழித்து, சிவப்பை விட்டுவிட்டுத் தடிப்பை மட்டும் அளக்க வேண்டும். தடிப்பு 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் தொற்று உண்டு என்று பொதுவாகக் கொள்கிறார்கள்.

இச்சோதனையை வியன்னாவின் குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது திகைப்பூட்டும் உண்மை ஒன்று வெளிப்பட்டது. கைக்குழந்தைகளில் வெகு சிலருக்கே தோல் தடித்தது. வயது ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. பதின்ம வயதை எட்டிய ஏழைக் குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையோருக்குத் தோல் தடித்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஓடியாடித் திரிந்தனர்! தொற்று வேறு, நோய் வேறு என்ற பாடம் இங்கேதான் தெளிவாயிற்று. சோதனையின் எல்லையும் இங்கேயே தெரிந்தது. கிருமி உள்ளே வந்ததா என்பதைத் தோல் சொல்லும். அது அடங்கிக் கிடக்கிறதா, உடலை அரிக்கிறதா என்பதைச் சொல்லாது.

இன்னொரு குறையையும் பிர்க்கேயே 1908இல் சுட்டிக்காட்டினார். தட்டம்மை கண்ட குழந்தைகளின் தோல் டியூபர்குலினுக்குத் தடிப்பதைச் சில நாள்கள் நிறுத்திவிடுகிறது. கடும் ஊட்டக் குறைவிலும் முற்றிய காசத்திலும் இதே நிலை நேரலாம். மிகவும் ஆபத்தில் இருக்கும் குழந்தையின் தோலே சில சமயம் வாய் திறப்பதில்லை.

'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்ற சொல்

நம் ஊர்த் தாய்மார்கள் பலர் 'காசம்' என்ற சொல்லை வாயால் சொல்லவும் அஞ்சுவர். "பிள்ளைக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸாம், ஆறு மாதம் மருந்து கொடுக்கச் சொன்னார்கள்" என்று சொல்வார்கள். இந்தச் சொல்லின் பிறப்பிடம் பிணப் பரிசோதனை மேசை.

1876இல் பாரிஸ் மருத்துவர் பாரோ, மூச்சுக்குழலை ஒட்டிய நெறி வீங்கியிருந்தால் அதற்குரிய சிறு புண் நுரையீரலில் எங்கேனும் இருந்தே தீரும் என்று கூறினார். 1912இல் ஆஸ்திரிய அறிஞர் ஆன்டன் கோன், இறந்த குழந்தைகளின் நுரையீரல்களை வரிசையாக ஆராய்ந்து இதை நிலைநாட்டினார். கிருமி முதன்முதல் தங்கிய இடத்தில் சிறு புண், அங்கிருந்து நிணநீர் வழியே சென்று வீங்கிய நெறி ஆகிய இரண்டும் சேர்ந்ததே குழந்தைக் காசத்தின் தொடக்க வடிவம். 1916இல் ஜெர்மானியரான ரான்கே இந்தச் சேர்க்கைக்குச் சூட்டிய பெயர்தான் 'முதன்மைத் தொகுதி', அதாவது பிரைமரி காம்ப்ளெக்ஸ்.

1895இல் ரான்ட்ஜென் கண்ட எக்ஸ் கதிர், பிண மேசையில் தெரிந்ததை உயிருள்ள குழந்தையிடம் தேட வழி செய்தது. ஆனால் படத்தில் தெரிவது நிழலே. இதயத்தின் நிழலுக்குப் பின்னால் வீங்கிய நெறி ஒளிந்துகொள்ளும். குழந்தை அழுது நெளிந்தால் படம் கலங்கும். கைக்குழந்தைகளுக்கு இயல்பாகவே பெரிதாக இருக்கும் தைமஸ் சுரப்பி, நோய் என்ற மயக்கத்தைத் தரும். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படிப்பது இன்றும் நிகழ்வதுதான்.

விழுங்கிய சளியைத் தேடி

கிருமியை நேரில் காணும் ஆசையை மருத்துவர்கள் விட்டுவிடவில்லை. குழந்தை சளியை விழுங்குகிறது என்றால், விழுங்கிய இடத்திலேயே தேடினால் என்ன? 1898இல் ஆன்ரி மொய்னியே என்ற பிரெஞ்சு மருத்துவர் இரைப்பை நீரில் கிருமியைத் தேடலாம் என்று காட்டினார். அந்த யோசனை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தூங்கிற்று. 1927இல் அர்மான்-தெலீல் என்ற மற்றொரு பிரெஞ்சு மருத்துவர் அதைப் புதுப்பித்துப் பரப்பினார்.

இரவெல்லாம் விழுங்கிய சளி, குழந்தை விழித்துப் பால் குடிக்கும் முன்பு வரை இரைப்பையில் தங்கியிருக்கும். ஆகவே விடியற்காலையில், குழந்தை எழுந்து நடமாடும் முன்பே, மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். இதையே அடுத்தடுத்து மூன்று நாள் செய்ய வேண்டும். இரைப்பை அமிலம் கிருமியைக் கெடுத்துவிடாமல் உடனே அதை மாற்றவும் வேண்டும். பிறகு கிருமி வளரும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, காசம் என்று மருத்துவர் கருதிய குழந்தைகளில் பத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் கிருமி அகப்படுவது அரிது. குழந்தைக்கு வேதனை, தாய்க்கு மருத்துவமனை வாசம் என்று எல்லாம் இருந்தும், வேறு வழியின்மையால் இந்த முறை முக்கால் நூற்றாண்டு நிலைத்து நின்றது.

காசத்தின் கால அட்டவணை

கண்டறிந்தபின் என்ன செய்வது? நெடுங்காலம் இதற்கு விடையில்லை. 1903இல் பாரிஸில் கிராஞ்சே என்ற மருத்துவர் தொடங்கிய அமைப்பு, காசம் கண்ட பெற்றோரிடமிருந்து நோயற்ற பிள்ளைகளைப் பிரித்துக் கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்க அனுப்பியது. அன்று செய்யக்கூடியதில் சிறந்தது அதுவாகத்தான் இருந்தது.

1944இல் ஸ்ட்ரெப்டோமைசின் அறிவிக்கப்பட்டது. 1952இல் ஐசோநயாசிட் பயன்பாட்டுக்கு வந்தது. விட் கைவிட்ட குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினர். அதற்குப் பிறகு குழந்தையின் காசத்தைக் கண்டுபிடிப்பது என்பது உயிரைக் காப்பது என்றாயிற்று; கண்டுபிடிக்கத் தவறுவது காப்பாற்றக்கூடிய உயிரை இழப்பதாயிற்று.

இந்தக் காலத்தில்தான், 1948இல், சுவீடனின் குழந்தை மருத்துவர் ஆர்விட் வால்கிரேன் 'காசத்தின் கால அட்டவணை' என்ற கட்டுரையை வெளியிட்டார். தொற்றுக்குப் பின் ஒவ்வொரு கேடும் தனக்குரிய காலத்தில் வருகிறது என்று அவர் காட்டினார். மூளை உறை அழற்சியும் உடலெங்கும் பரவும் காசமும் முதல் மூன்று மாதங்களை ஒட்டி வருகின்றன. நுரையீரல் உறையில் நீர் கோத்தல் அதற்கடுத்த மாதங்களில் நேர்கிறது. எலும்பு, மூட்டுக் காசம் ஓராண்டு முதல் மூன்றாண்டுக்குள் தலைகாட்டுகிறது.

வயதும் முக்கியம். மருந்தில்லாக் காலத்தின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஒரு வயதுக்குள் தொற்றுப் பெற்ற குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது நோயாக முற்றியது. 5 முதல் 10 வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே முற்றியது. சிறு குழந்தையின் விஷயத்தில் 'பொறுத்துப் பார்ப்போம்' என்பதற்கு இடமேயில்லை என்று இவ்விரு கணக்குகளும் சொல்கின்றன.

சென்னையும் செங்கற்பட்டும்

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் பங்குண்டு. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் வைத்துக் கொடுப்பது போலவே குணமாகும் என்று அது 1959இல் காட்டியது. கூடவே மற்றொரு செய்தியும் கிடைத்தது. வீட்டில் மருந்துண்ட நோயாளியின் குடும்பத்தாருக்கு, சானடோரியம் சென்றவரின் குடும்பத்தாரைவிட அதிக ஆபத்து நேரவில்லை. பிள்ளைகளுக்குத் தொற்றுவது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே, நோய் இன்னதென்று தெரியாமல் பெரியவர் இருமிக்கொண்டிருந்த நாள்களில்தான்.

1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. எனினும் சிறு குழந்தைகளை மூளைக் காசத்திலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்று பிற ஆய்வுகள் காட்டியதால், பிறந்தவுடன் அதைப் போடுவது தொடர்கிறது. நம் பொருளுக்கு வேண்டிய பாடமும் அந்த ஆய்வில் இருந்தது. அப்பகுதி மக்களில் மிகப் பலருடைய தோல் டியூபர்குலினுக்கு இலேசாகத் தடித்தது. காரணம், மண்ணிலும் நீரிலும் வாழும், காசக் கிருமியின் தீங்கற்ற உறவுக் கிருமிகள். பி.சி.ஜி. ஊசியும் இதே மயக்கத்தை உண்டாக்கக் கூடும். வியன்னாவில் தெளிவாகப் பேசிய தோல், இங்கே சற்றுக் குழறியே பேசுகிறது.

மதிப்பெண் போட்ட மருத்துவர்கள்

தனியாக எந்தச் சோதனையும் போதாது என்றால், எல்லாச் சாட்சிகளையும் கூட்டிப் பார்க்கலாம் அல்லவா? 1987இல் பப்புவா நியூ கினியில் கீத் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர், எக்ஸ் கதிர் வசதிகூட இல்லாத இடங்களுக்காக ஒரு மதிப்பெண் அட்டை வகுத்தார். நோய் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் 3 மதிப்பெண். குடும்பத்தில் சளியில் கிருமி உறுதியான நோயாளி இருந்தால் 3. டியூபர்குலின் சோதனையில் தோல் தடித்தால் 3. எடை குறைவு, காரணம் தெரியாத காய்ச்சல், கழுத்தில் நெறி, முதுகெலும்புக் கூன் ஆகியவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண் உண்டு. மொத்தம் 7 வந்துவிட்டால் மருந்தைத் தொடங்கிவிடலாம்.

எளிய ஊழியரும் கையாளக்கூடிய முறை இது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றுப் பரவிய நாடுகளில் இது தடுமாறியது. இளைப்பு, நீடித்த காய்ச்சல், நெறி வீக்கம் ஆகிய அனைத்தையும் அந்தத் தொற்றும் உண்டாக்கும். அதே சமயம் டியூபர்குலினுக்குத் தோல் தடிப்பதை அது மழுங்கடிக்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்கு நடுவே ஒரு தவறான வழியும் திறந்தது. இரத்தத்தில் காசத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களை அளந்து நோயைச் சொல்லும் சோதனைகள் இந்தியாவில் பெருவாரியாக விற்கப்பட்டன. ஒரு சொட்டு இரத்தத்தில் விடை கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அவை நோயுள்ளவரை இல்லை என்றும், இல்லாதவரை உண்டு என்றும் கூறின. 2011இல் உலக நலவாழ்வு நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது; 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது.

பட்டாணி அளவு போதும்

நேர்வழித் தேடலிலும் முன்னேற்றம் ஏற்பட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஹெதர் சார் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், உப்பு நீரை ஆவியாக முகரச் செய்து, தளர்ந்து வரும் சளியைத் தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுத்தனர். 250 குழந்தைகளிடம் செய்த ஆய்வை 2005இல் வெளியிட்டனர். இப்படி எடுத்த ஒரு சளி, மூன்று நாள் எடுத்த இரைப்பை நீருக்கு ஈடாயிற்று! பட்டினியும் மருத்துவமனைத் தங்கலும் குறைந்தன.

அடுத்து வந்தது மரபுப் பொருளைப் பெருக்கிக் காணும் இயந்திரம். கிருமியின் டி.என்.ஏ. இழையைப் பல மடங்கு பெருக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் விடை சொல்கிறது எக்ஸ்பெர்ட் என்ற கருவி. முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதையும் கூடவே சொல்கிறது. 2010இல் பெரியவர்களுக்கும் 2013இல் குழந்தைகளுக்கும் உலக நலவாழ்வு நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. 2017இல் வந்த 'அல்ட்ரா' வகை, ஒரு மில்லிலிட்டரில் இருபதுக்கும் குறைவான கிருமிகள் இருந்தாலும் கண்டுகொள்ளும். நுண்ணோக்கிக்குத் தேவைப்பட்ட ஆயிரங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கருவி கூர்மையானதும் பழைய யோசனை ஒன்று புது வடிவம் பெற்றது. விழுங்கிய சளி இரைப்பையோடு நிற்பதில்லை அல்லவா? குடலைக் கடந்து வெளியே வருகிறது. கிருமி செத்துப் போயிருந்தாலும் அதன் டி.என்.ஏ. இழை மிஞ்சியிருக்கும். 2020 முதல் குழந்தையின் மலத்தையும் இந்தக் கருவியில் சோதிக்கலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. பட்டாணி அளவு மலம் போதும். குழாய் இல்லை, ஊசி இல்லை, குழந்தை அழ வேண்டியதுமில்லை. 1898இல் மொய்னியே இரைப்பையில் தொடங்கிய தேடல் இப்படிக் குழந்தையின் அணையாடைக்கு வந்து சேர்ந்தது.

இல்லை என்ற விடை

இத்தனைக்குப் பிறகும் ஓர் உண்மை மாறவில்லை. கருவி 'கிருமி உண்டு' என்றால் நம்பலாம். 'இல்லை' என்றால் குழந்தைக்குக் காசம் இல்லை என்று பொருளாகாது. அந்தத் துளியில் கிருமி அகப்படவில்லை என்பதே பொருள். ஆகவே 2022இல் உலக நலவாழ்வு நிறுவனம், பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காகப் புதிய மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டது. பல நாடுகளின் குழந்தைகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, எந்த அறிகுறிக்கு எத்தனை மதிப்பெண் என்று கணக்கிட்டு வகுத்த முறை அது. கிருமி அகப்படாவிட்டாலும் மதிப்பெண் 10க்கு மேல் போனால் மருந்தைத் தொடங்கலாம். எட்வர்ட்ஸின் அட்டையில் இருந்த எண்ணமே இங்கு உறுதியான கணக்கோடு திரும்பி வந்திருக்கிறது.

இம்முறையில் காசமில்லாத சில குழந்தைகளும் மருந்து உண்ண நேரும் என்பது உண்மைதான். ஆனால் மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டில் உலகில் 15 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 2,39,000 குழந்தைகள் காசத்தால் இறந்தனர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். இறந்தவர்களில் நூற்றுக்கு 96 பேர் மருந்தே பெறாதவர்கள். மருந்து கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகக் குணமாகிறார்கள். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட நான்கு நாடுகளில் கடுமையற்ற காசம் கண்ட குழந்தைகளுக்கு, ஆறு மாத மருந்துக்கு நான்கு மாத மருந்தே ஈடாகும் என்று காட்டியது. மருந்தைத் தவறவிட்டதைவிட, நோயைத் தவறவிட்டதால் இறந்த குழந்தைகளே அதிகம்.

நாம் எதைக் கவனிப்பது? எடை அட்டையில் குழந்தையின் கோடு ஏறாமல் நின்றாலும் சரிந்தாலும், இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், ஓடியாடிய பிள்ளை மூலையில் சுருண்டு கிடந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு பெரியவருக்குக் காசம் என்று தெரிந்த அன்றே அந்த வீட்டுக் குழந்தைகளையும் அழைத்துச் செல்ல வேண்டும். நோய் இல்லையென்றாலும், அது வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு.

குழந்தைக்குக் காசம் குழந்தையிடமிருந்து வருவது அரிது. மடியில் வைத்துக் கொஞ்சும் தாத்தாவிடமிருந்தோ, சோறூட்டும் தாயிடமிருந்தோ, அடுத்த வீட்டுச் சித்தியிடமிருந்தோதான் பெரும்பாலும் வருகிறது. எனவே, "வீட்டில் யாருக்கு நாள்பட்ட இருமல்?" என்ற கேள்வி எந்தக் கருவியும் தேவைப்படாத சோதனையாகும். துப்பத் தெரியாத குழந்தைக்காக, துப்பத் தெரிந்த பெரியவர் முதலில் தம் சளியைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளட்டும்.